ஒரு செம்புத் தண்ணீரும் ஏழு பிஸ்டல்களும்

நேற்று மத்தியானம் நீ சப்பாத்துக் கயிற்றைக்கூடக் கட்டாமல் பனிக்குள் இறங்கிப் போனாய், மகனே. உன் மனைவி ஒரு கையால் வயிற்றையும் மறு கையால் படிக் கம்பியையும் பிடித்தபடி உன் பின்னால் இறங்கினாள். படிக்கு உப்புப் போடவில்லையே, பிள்ளைத்தாச்சி சறுக்கி விழுந்தால் என்ன செய்வது என்று உன் அம்மா யன்னலடியில் நின்று பதறினாள். நான் கதிரையை விட்டு எழும்பவில்லை. அவ்வளவு கோபம். நீங்கள் ஆற்றுக்கு அக்கரையில் லொங்குய்யில் இருக்கிற உங்கள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருப்பீர்கள் என்று பார்த்து அம்மா போன் எடுத்தாள், நீ எடுக்கவில்லை. நான் எடுத்தேன், அதற்கும் பதில் இல்லை. உன் மெசின் பொன்ஜூர் சொல்லி, பிரெஞ்சில் ஏதோ கதைத்து, பீப் அடித்தது. மெசினிடம் சொல்லிவிட்டு வைக்கிற விஷயமா இது? ஆகவே எழுதுகிறேன். தமிழ்க் கடையில் மரக்கறிக்குப் பக்கத்தில் அடுக்கி வைத்திருக்கிற இலவசப் பத்திரிகைக்கே கொடுக்கப் போகிறேன், பெயர் போடாமல். நீ எழுத்துக்கூட்டி வாசித்து முடிப்பதற்குள் பிள்ளை பிறந்துவிடும், உன் மனைவி வாசித்துக் காட்டட்டும். வீட்டில் ஒருவரைத் தொலைத்துவிட்டு, யாரில் கோபப்படுவதென்றே தெரியாமல் இந்த நகரத்தில் நடமாடுகிறவர்கள் என்னைத் தவிர வேறு ஆட்களும் இருப்பார்கள். அவர்கள் கண்ணிலும் பட்டால் நல்லது.

வாசலில் நின்று நீ சொன்னது இதுதான். "அப்பா, உதுகள் இருக்கிற வீட்டுக்கு என்ரை பிள்ளையைக் கொண்டு வரமாட்டன்." உதுகள் என்று நீ சொன்னது என் பிஸ்டல்களை. முந்தி ஆறு, இப்போது ஏழு. நீ அறிந்ததுதான், ஆனாலும் மற்றவர்கள் வாசித்துவிட்டு என்னை ஒரு மாதிரியாக நினைக்கக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். எல்லாவற்றுக்கும் பதிவு உண்டு, எனக்கு லைசென்ஸ் உண்டு. ஒவ்வொன்றுக்கும் தனிப் பூட்டு, எல்லாம் சேர்ந்து இருக்கிற இரும்பு அலுமாரிக்கு வேறு பூட்டு. சுடுகிற கிளப்புக்குக் கொண்டு போவதற்கும் அனுமதி எழுதி வாங்கித்தான் கொண்டு போகிறேன். வீட்டில் ஒரு குண்டுகூடக் கிடையாது. அவ்வளவும் ஒரே குடும்பம். நைன்டீன் லெவன் என்று அது பிறந்த ஆண்டின் பெயராலேயே அழைக்கப்படுகிற அமெரிக்கப் பிஸ்டல் ஒன்று இருக்கிறது. அதைப் பார்த்து உலகம் முழுக்கச் செய்தார்கள். தூரத்தில் வைத்துப் பார்த்தால் எல்லாம் ஒன்றுதான். கிட்டப் போனால்தான் வித்தியாசம் தெரியும். ஒன்றின் கைப்பிடி முதுகு நேராக இருக்கும், மற்றொன்று கூன் போட்டிருக்கும். நோர்வேயில் செய்ததில் பக்கத்து நெம்பு ஒரு விரல் கட்டைக்கு நீளும். ஸ்பெயினில் செய்ததில், கையால் இறுக்கிப் பிடித்தால் அமுங்குகிற முதுகுத் துண்டு கிடையாது. இவற்றை நான் மேசையில் வரிசையாக அடுக்கி, பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவிக்கொண்டிருப்பேன். ஒருநாளும் எனக்கு அதில் நிம்மதி வந்ததில்லை. இன்னொன்று வேண்டும், இன்னொன்றைப் பார்க்க வேண்டும் என்ற அரிப்புத்தான் வந்தது.

உனக்கு நான் என்ன சொல்லி வளர்த்தேன்? முத்திரை சேர்க்கிறவர்களைப் போல இதுவும் ஒரு பொழுதுபோக்கு என்றேன். அம்மா அதை நம்பவில்லை, ஆனால் கேட்கவும் இல்லை. ஒரு குளிர்காலத்தில் பெட்டியோடு படியேறிக்கொண்டிருந்தபோது கீழ்வீட்டு அக்கா, "என்ன அண்ணை, பாரமான சாமான் போல கிடக்கு?" என்று கேட்டாள். எங்கள் ஊரில் ஒரு காலத்தில் சாமான் என்றால் ஆயுதம் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவசரத்தில், "தையல் மெசின்" என்று சொல்லிவிட்டேன். அடுத்த நாள் அவள் சட்டைத் துணியோடு வந்து நின்றாள், அளவுச் சட்டையும் கையில். அம்மா அதை வாங்கி, நகரத்தின் மேற்குப் பக்கம் என்டிஜியில் இருக்கிற உன் மாமி வீட்டுக்குக் கொண்டுபோய்த் தைத்துக் கொடுத்தாள். அதற்குப் பிறகு வருசம் வருசமாகத் துணி வந்தது. நீ அதை நினைத்து நினைத்துச் சிரிப்பாய். அந்தச் சிரிப்பில் நானும் சேர்ந்துகொள்வேன், சிரித்து முடிந்ததும் அலுமாரிப் பூட்டை ஒருதரம் இழுத்துப் பார்ப்பேன்.

இன்னொன்றும் உனக்கு என்னில் குறை. சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு முடிந்து வெளியே வரும்போது மற்ற அப்பாமார், "தம்பி, இஞ்சை வா", "தம்பி, ஜக்கெற்றைப் போடு" என்று பிள்ளைகளைக் கூப்பிடுவார்கள். நான் மட்டும் உன் முழுப் பெயரையும் சொல்லிக் கூப்பிட்டேன், ஆஸ்பத்திரியில் தாதி கூப்பிடுவதுபோல. "ஏனப்பா நீங்கள் மட்டும் என்னைத் தம்பி எண்டு சொல்லுறேல்லை?" என்று மெட்ரோவில் வைத்துக் கேட்டாய். நான் யன்னலைப் பார்த்தேன். அங்கே பார்க்கிறதற்கு இருட்டுச் சுவரைத் தவிர ஒன்றுமில்லை. எனக்குத் தம்பி என்று ஒருவன் இருந்தான், அவனைக் கூப்பிட்ட சொல் அது. அந்தச் சொல்லால் இன்னொருவரைக் கூப்பிட எனக்கு மனம் வரவில்லை என்று அன்றைக்கே உனக்குச் சொல்லியிருக்கலாம். நீயும் அப்பாவாகப் போகிறாய். பிள்ளை கேட்டால், மெட்ரோ அடுத்த நிலையத்துக்குப் போவதற்குள் ஏதாவது ஒரு பதில் சொல்லு. அரைகுறைப் பதில் என்றாலும் பரவாயில்லை.

நேற்று நான் தம்பியைப் பற்றி மூச்சு விடாமல் சொன்னதில் பாதிதான் உன் காதில் விழுந்திருக்கும், நீ சப்பாத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாய். ஆறுதலாக இன்னொரு தரம் சொல்கிறேன். உன் சித்தப்பா காணாமல் போன நாளில் நீ கைக்குழந்தை. விறாந்தை யன்னலுக்கு உள்பக்கம், அறைக்குள், சேலையில் கட்டிய ஏணையில் நித்திரை. அம்மா கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தாள். தம்பி முற்றத்தில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்துக் கழன்ற செயினைப் போட்டுக்கொண்டிருந்தான், கை முழுக்கக் கிறீஸ். மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர் வந்தார்கள். சாதாரண உடுப்பு, எங்கள் தமிழ். ஒருவன் தம்பியின் பக்கத்தில் போய் நின்றான். மற்றவன் விறாந்தைக்கு ஏறி, "அண்ணை, குடிக்கக் கொஞ்சம் தண்ணி தாங்கோ" என்றான். தண்ணீர் கேட்டால் யாருக்கும் கொடுப்போம். பெரிய செம்பில் நிறைய வார்த்துக் கொண்டுவந்தேன். அதை வாங்க அவனுக்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது. பேப்பரால் மூடிப் பிடித்திருந்த பிஸ்டலை, பேப்பர் விலக, மேசையில் வைத்தான். செம்பை வாங்கினான், அண்ணாந்தான், வாய் படாமல் குடித்தான். ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. எச்சில் படாமல் குடிக்கப் பழக்கிய ஏதோ ஒரு வீட்டுப் பிள்ளை.

அவன் குடித்து முடிக்கும் வரை பிஸ்டல் என் கைக்கெட்டிய தூரத்தில் கிடந்தது. பாய்ந்து எடுத்திருக்கலாமே என்று நீ கேட்பாய். முற்றத்தில் நின்றவனிடமும் ஒன்று இருந்தது, நீ ஏணையில் தொங்கிக்கொண்டிருந்தாய். எடுக்காததற்காக நான் ஒருநாளும் வெட்கப்பட்டதில்லை. எடுக்கவில்லை, பார்த்தேன். பார்த்துக்கொண்டே இருந்தேன். கைப்பிடியின் அடியில் கயிறு கட்டுகிற வளையம். எழுத்து இருந்த இடத்தை அரத்தால் தேய்த்து வெளிறவைத்திருந்தார்கள். பின்பக்கம் பிடித்து இழுக்கிற கீறல்கள் சில இருந்தன, இடையில் வெறுமை, மறுபடி சில. அங்கேயும் அரம் பட்டிருக்கிறது என்று நினைத்தேன். அவன் செம்பை வைத்தான், பிஸ்டலை எடுத்தான், "விசாரிச்சுப்போட்டு விட்டிடுவம்" என்றான். தம்பியை நடுவில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகு அவனை யாரும் காணவில்லை. இயக்கம்தான் கொண்டுபோனது என்று பாதி ஊர் சொன்னது, ஆமியோடு திரிந்த ஆட்கள் என்று மற்றப் பாதி சொன்னது. போய்க் கேட்ட இடங்களில் எல்லாம், எங்களிடம் இல்லை என்ற ஒரே பதில்தான்.

யார் என்று தெரியாமல் வாழ்கிறது எப்படியென்று உனக்குப் புரியாது, புரியவும் வேண்டாம். இங்கே வந்த பிறகும் எந்தக் கூட்டத்துக்கும் என்னால் போக முடியவில்லை. ஒரு மண்டபத்தில் போய் இருந்தால், இவர்கள்தானோ என்று மனம் கேட்கும். எதிர்ப்பக்கத்து ஆட்களோடு தேத்தண்ணி குடித்தாலும், இவர்கள்தானோ என்று கேட்கும். கடைசியில் கோபம் முழுக்க வீட்டுக்குள் வந்தது. நீ கணக்கில் குறைய எடுத்ததற்கு நான் போட்ட சத்தம் கணக்குக்குப் போட்டது இல்லை. பிறகு ஒரு கலியாண வீட்டில், ஒரு காலத்தில் இயக்கத்தில் இருந்ததாகச் சொல்லிக்கொண்ட ஒருவரைச் சந்தித்தேன். கையில் வடையோடு சர்வ சாதாரணமாகச் சொன்னார். "வளையம் இருந்தால் அது அரசாங்கச் சாமான், அண்ணை. முதுகில அமத்துற துண்டு இல்லாட்டி அது வெளியால வாங்கின எங்கட பக்கத்துச் சாமான். பாத்த உடன சொல்லலாம்." வளையம் எனக்கு நன்றாக ஞாபகம். முதுகு ஞாபகமில்லை, அதைப் பார்க்காமல் வளையத்தை மட்டும் வைத்து முடிவு கட்ட மனம் ஒப்பவில்லை. அந்தப் பிஸ்டல் எந்த நாட்டுச் செய்கை என்று கண்டுபிடித்தால் முதுகும் தெரிந்துவிடும், முதுகு தெரிந்தால் ஆள் தெரிந்துவிடும் என்று அந்த இடத்திலேயே தலைக்குள் ஏறிவிட்டது. எழுத்தைத் தேய்த்துவிட்டார்கள், ஆகவே உருவத்தை வைத்துத்தான் பிடிக்க வேண்டும். படத்தில் பார்த்தால் போதவில்லை. மேசையில் வைத்து, அன்றைக்குப் பார்த்த அதே சாய்வில் பார்க்க வேண்டியிருந்தது. ஒவ்வொன்றாக வந்தது அப்படித்தான், ஒவ்வொன்றும் அது இல்லை.

கிளப்பில் எனக்கு ஜில் என்று ஒரு கூட்டாளி இருப்பது உனக்குத் தெரியும். துறைமுகத்தில் கொண்டெய்னர் லொறி ஓட்டி ஓய்ந்த மனுசன், என்னைவிடப் பெரிய பைத்தியம். போன மாதம் ஒரு பெட்டியைத் திறந்து, தென் அமெரிக்காவில் செய்தது, இதை நீ பார்த்திருக்க மாட்டாய் என்றான். நான் பார்த்திருந்தேன். பின்பக்கக் கீறல்கள் கூட்டங்கூட்டமாக இருந்தன, இடையில் வெறுமை. அரம் பட்டதென்று நான் இத்தனை காலமும் நினைத்திருந்த வெறுமை அதன் பிறவி அடையாளமே. தேய்ந்துபோனது என்று நானே கழித்துவிட்டதால்தான் இவ்வளவு நாள் தேடியும் அகப்படவில்லை. அடியில் வளையம். முதுகைத் திருப்பிப் பார்த்தேன். வழவழவென்று இருந்தது, அமத்துகிற துண்டு இல்லை. கலியாண வீட்டு மனுசனின் கணக்குப்படி வளையம் அரசாங்கம் என்றது, முதுகு இயக்கம் என்றது. ஜில்லிடம் கேட்டேன், இதை யார் வாங்கினார்கள் என்று. உதட்டைப் பிதுக்கினான். பழைய சரக்கு, பொலிஸ் வாங்கியது, ஆமி வாங்கியது, கள்ளச் சந்தையிலும் போனது, காசு வைத்திருந்த எல்லோரும் வாங்கினார்கள் என்றான். எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு கழிப்பறைக்குப் போய் அழுதேன். இருந்தும் அதை வாங்காமல் விட முடியவில்லை. பதிவு வேலை முடிந்து வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்தது.

நேற்று நீங்கள் சாப்பிட வருவீர்கள் என்று தெரிந்தும் அதை வெளியே எடுத்தது என் அவசரம். பொறுக்க முடியவில்லை. பூட்டுப் போட்டபடியே குசினி மேசையில் அன்றைய சாய்வில் வைத்தேன், பக்கத்தில் செம்பு நிறையத் தண்ணீர் வைத்தேன். நின்று பார்த்தேன், இருந்து பார்த்தேன். அந்த நேரம்தான் நீங்கள் கதவைத் திறந்தீர்கள். உனக்குப் பிஸ்டல் தெரிந்தது. உன் மனைவிக்குச் செம்பு தெரிந்தது. "மாமா, இதுக்குப் பக்கத்துல எதுக்குத் தண்ணி வச்சிருக்கீங்க?" என்று தன் சென்னைத் தமிழில் கேட்டாள். இத்தனை வருசத்தில் என்னிடம் யாரும் கேட்காத கேள்வி. வயிற்றோடு நிற்கிற பிள்ளைக்குக் கதிரை இழுத்துக் கொடுக்கவும் தோன்றாமல் எல்லாவற்றையும் கொட்டினேன். வளையம், கீறல், முதுகு, எல்லாம். அவள் கடைசிவரை கேட்டுவிட்டு மெல்லக் கேட்டாள். "அந்த ஆள் தண்ணி குடிக்கிறப்ப உங்க தம்பி எங்க பாத்துக்கிட்டு இருந்தாரு, மாமா?"

கீறல்களை எண்ணிச் சொல்லத் தெரிந்தவனுக்கு அது தெரியவில்லை. தண்ணீர் குடித்தவனின் முகமும் தெரியவில்லை. நீ வாசலில் நின்று அவளிடம், "அவருக்கு என்ன தெரியும்? இரும்பைத்தான் தெரியும்" என்றாய். அதற்குப் பிறகுதான் பிள்ளையைக் கொண்டு வரமாட்டேன் என்றது. பிள்ளையைப் பற்றிச் சொன்னது எனக்கு வலித்தது. ஆனால் கதிரையை விட்டு எழும்ப முடியாமல் செய்தது முதலில் சொன்னதுதான். அது உண்மையாக இருந்தது. உன் மனைவி கேட்கிற கேள்விகளைக் கவனமாகக் கேள், மகனே. நான் உன் அம்மாவின் கேள்விகளை முகத்தைப் பார்த்தே தடுத்துவிட்டேன். அவள் கேட்டிருந்தால் இந்த ஏழும் வந்திருக்காது என்று நினைக்கிறேன்.

காலையில் இருந்து இருப்புக் கொள்ளவில்லை. தேத்தண்ணி ஆறிப் போனது. அலுமாரியடிக்குப் போனேன், வந்தேன். படிக்கு உப்புப் போட்டேன், போட்ட இடத்திலேயே இன்னொரு தரம் போட்டேன். ஜில்லுக்குப் போன் எடுத்து, ஏழையும் நீ எடுத்துக்கொள் என்றேன். எல்லாமா, எல்லாமா என்று பிரெஞ்சில் கேட்டான். "ஓம்" என்றேன். என்னோடு பழகி அவனுக்கு அந்தத் தமிழ்ச் சொல் விளங்கும். பெயர் மாற்றுகிற வேலைக்குச் சில கிழமைகள் எடுக்கும், பனி கரைவதற்குள் முடிந்துவிடும். நீ மிரட்டினதற்காகக் கொடுத்தேன் என்று நினைக்காதே, மிரட்டினால் நான் எட்டாவதை வாங்குகிற ஆள். தேடினது கிடைத்துவிட்டது, அதற்கு வாய் இல்லை. யார் கொண்டுபோனார்கள் என்று எனக்கு இனியும் தெரியப்போவதில்லை. கோபமும் போகவில்லை. எங்கே வைப்பது என்று தெரியாமல் அதைத் தூக்கிக்கொண்டுதான் திரிகிறேன். உன் தலையில் இனி வைக்கமாட்டேன், அது மட்டும் உறுதி.

உப்பு வாளியோடு படியில் நின்றபோதுதான் உன் மனைவியின் கேள்விக்குப் பதில் வந்தது. தண்ணீர் குடித்தவன் செம்பை மேசையில் ணங்கென்று வைத்தான். முற்றத்தில் நின்றவன், "கெதியா ஏறடா" என்று உன் சித்தப்பாவை அவசரப்படுத்திக் கத்தினான். உன் சித்தப்பா பிஸ்டலைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. விறாந்தை யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான், அதற்கு உள்ளே ஏணை ஆடிக்கொண்டிருந்தது. கிறீஸ் கையை வாயில் வைத்துக் காட்டி அவர்களிடம், "சத்தம் போடாதையுங்கோ, தம்பி நித்திரை" என்றான். உன்னைத்தான் சொன்னான். அவனுக்கு நீதான் தம்பி. நான் கடைசியாகக் கேட்ட அவன் பேச்சு அது. அந்தச் சொல்லை நான் மறந்ததில்லை, அதனாலும்தான் உன்னை அப்படிக் கூப்பிட வாய் வரவில்லை. ஆனால் அவன் எங்கே பார்த்துக்கொண்டு அதைச் சொன்னான் என்று இன்றைக்கு வரைக்கும் நான் நினைத்துப் பார்த்ததே இல்லை.

தம்பி, பிள்ளையைக் கொண்டு வா. நித்திரை என்றால் நாங்கள் சத்தம் போடமாட்டோம்.